புகை பிடிக்காத அம்மாவும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும்

புறநோயாளிகள் பிரிவில் இருமலோடு வரும் எல்லோரிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"பீடி, சிகரெட் பழக்கம் இருக்கா?"

ஆண்கள் தலையைச் சொறிவார்கள். "எப்பவாவது சார்" என்பார்கள்.

பெண்களிடம் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபமே வரும். "என்ன டாக்டர், என்னயப் பாத்து இப்படிக் கேட்டுட்டீங்க?"

நானும் சீட்டில் "புகைப்பழக்கம் இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் என் அம்மாவின் சீட்டிலும் இன்னொரு மருத்துவர் அதே வரியை எழுதினார். அவர் மேல் தப்பில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் அந்த வரி உண்மை இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நண்பர்களே, இந்தப் பதிவு சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றியது.

"டாக்டர் எதுக்கு எலக்ட்ரீசியன் வேலை பாக்குறாரு?" என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் நீளமான பதிவுதான். உங்கள் வீட்டில் யார் அடுப்புக்கு முன்னால் நிற்கிறார்களோ அவர்களுக்காகப் பொறுமையாகப் படியுங்கள்.

என் ஊர் நாரணாபுரம். சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அப்பா பட்டாசு ஆலையில் வேலை பார்த்தார். அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டினார். எங்கள் பக்கம் முக்கால்வாசி வீட்டுக் கதை இதுதான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் விறகடுப்பு. பருத்திமார், வேலிக்கருவை விறகு, பற்றவைக்க அச்சாபீஸ் கழிவுப் பேப்பர். அம்மா குனிந்து ஊதாங்குழலை ஊதும்போது முகமே தெரியாது. புகைக்குள் இருந்து குரல் மட்டும் வரும்.

2006 தேர்தலுக்குப் பிறகு அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. அந்த வரிசையில் எங்கள் வீட்டுக்கும் கேஸ் வந்தது. நான் அப்போது பிளஸ் டூ.

ஆனாலும் குளிக்க வெந்நீர் போட, நெல் அவிக்க, சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று குழம்பு வைக்க, விறகடுப்பு இன்னும் பல வருடம் எரிந்தது.

அம்மா சிறுமியாக அடுப்படிக்குள் போனதில் இருந்து கணக்குப் போட்டால் முப்பது வருடத்துக்கு மேல் புகை.

அம்மாவுக்கு மூன்று வருடமாக இருமல் இருந்தது.

காலையில் சளி. தாளிக்கும்போது தொடர்ந்து இருமல். கேட்டால், "மிளகா நெடிய்யா, அதுக்கு இருமல் வரத்தானே செய்யும்?" என்பார்.

நானும் நம்பினேன். இன்னொரு காரணமும் கைவசம் இருந்தது. எங்கள் ஊரில் யார் இருமினாலும் பழி "மருந்து" மேல்தான் விழும். இங்கே மருந்து என்றால் ஆஸ்பத்திரி மருந்து இல்லை, வெடிமருந்து. "ஊரே மருந்துக் காத்துதானப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை திருத்தங்கல் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். சின்னக் குன்றுதான். படி ஏறும்போது அம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். "வயசாகுதுல்ல" என்றார்.

அறுபது வயதுக்கு அது அதிகம். மறுவாரமே நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். ஸ்பைரோமெட்ரி எடுத்தார்கள். குழாயில் வேகமாக ஊதச் சொல்லி அளக்கும் சோதனை அது.

நாம் மூச்சை முழுதாக இழுத்து, முழு வேகத்தில் ஊதும்போது, மொத்தக் காற்றில் எவ்வளவு முதல் ஒரு விநாடியிலேயே வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அந்த விகிதம் 0.7-க்குக் கீழே இருந்தால், மூச்சுக்குழாயில் நிரந்தர அடைப்பு விழுந்துவிட்டது என்று பொருள்.

அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது.

சி.ஓ.பி.டி. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இருபது முப்பது வருடம் பீடி குடித்தவர்களுக்கு நான் அன்றாடம் எழுதும் நோயின் பெயர்.

வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூடக் கையால் தொடாத அம்மாவுக்கு வந்திருந்தது.

சரி, விசயத்துக்கு வருவோம். அடுப்பில் இருந்து என்னதான் வருகிறது?

விறகு எரியும்போது வரும் புகையில் நம் கண்ணுக்கே தெரியாத நுண்துகள்கள் இருக்கின்றன. இவற்றை பி.எம். 2.5 என்கிறோம். நம் தலைமுடியின் தடிமனில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடி, சளி, இருமல் என்று உடம்பு வைத்திருக்கும் எல்லாக் காவலையும் தாண்டி நுரையீரலின் கடைசி காற்றறை வரை போய் உட்கார்ந்துவிடும்.

காற்றில் இந்தத் துகள் ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த அளவு வெறும் 15. புகைபோக வழியில்லாத விறகடுப்பு அறைக்குள் இது பல நூறைச் சாதாரணமாகத் தாண்டும்.

வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இந்தக் கணக்குகளுக்குத் தமிழ்நாட்டு அடுப்படிகளும் உதவியிருக்கின்றன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணன் உள்ளிட்டோர் நம் கிராமத்து வீடுகளுக்குள் கருவியைக் கொண்டுபோய் அளந்தார்கள். 2002-ல் முடிவுகள் வெளிவந்தன. விறகில் சமைப்பவர்கள் சுவாசிக்கும் துகள், கேஸில் சமைப்பவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

"அதான் கேஸ் வந்துருச்சே டாக்டர், அப்புறம் என்ன?"

நல்ல கேள்வி. விறகில் இருந்து கேஸுக்கு மாறியது மிகப் பெரிய முன்னேற்றம். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இரண்டு விசயம் மிச்சம் இருக்கிறது.

ஒன்று, கேஸின் நீலச் சுடரிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது. அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, குழந்தைகளுக்கு ஆகாது.

இரண்டு, சட்டியில் இருந்து வரும் புகை. எண்ணெய் காய்ந்து புகை கிளம்பும்போது, முறுக்கு சுடும்போது, மீன் பொரிக்கும்போது வருவது அடுப்பின் புகை இல்லை, எண்ணெயின் புகை. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்தாலும் வரும். அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது வரும் இந்தப் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளது என்ற பட்டியலில் 2010-ல் சேர்த்தது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வாரம் ஒரு முறை வடை சுட்டால் புற்றுநோய் வந்துவிடும் என்று யாரும் படித்துக்கொள்ள வேண்டாம். காற்றுப் போகாத அறையில், வருடக்கணக்கில், தினமும் நிற்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். வீட்டில் அம்மா. விருதுநகர் பக்கம் ராத்திரி முழுக்க எண்ணெய் பரோட்டாச் சட்டிக்கு முன்னால் நிற்கும் மாஸ்டர்.

புகையை வெளியே அனுப்பினால் நோய் குறையுமா? குறையும். ஆதாரம் இருக்கிறது.

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஷுவான்வெய் என்று ஒரு பகுதி. புகை அதிகம் வரும் நிலக்கரியை வீட்டுக்குள் திறந்த குழியில் எரிப்பார்கள். அந்த ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் சிகரெட் பிடிக்காதவர்கள். ஆனால் சீனாவிலேயே மிக அதிகமான நுரையீரல் புற்றுநோய் அந்தப் பெண்களுக்கு இருந்தது.

பிறகு பல வீடுகளில் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறினார்கள். எரிபொருள் அதே நிலக்கரி. புகை போக வழி மட்டும் புதுசு. அந்த வீடுகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. சி.ஓ.பி.டி.யும் குறைந்தது என்று 2005-ல் இன்னொரு கட்டுரை வந்தது.

அங்கே புகைபோக்கி. இங்கே நாம் பேசுவது ஃபேன். கருவி வேறாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

நம்மிடமும் அது இருந்தது. பழைய ஓட்டு வீடுகளில் அடுப்புக்கு மேலே புகைக்கூண்டு வைத்துக் கட்டியிருப்பார்கள். கான்கிரீட் வீடு கட்டும்போது அதை விட்டுவிட்டோம். சுவரை வெள்ளையாக வைத்துக்கொண்டு புகையை உள்ளே வைத்துக்கொண்டோம்.

இனி, நான் செய்த தப்பு.

நோய் தெரிந்த வாரமே ஆன்லைனில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஆர்டர் போட்டேன். பெரிசா இருந்தா நல்லா இழுக்கும் என்று 12 இன்ச். ஓட்டல்களுக்குப் போடும் வகை.

மாட்ட வந்த தம்பி சுவரை உடைக்க யோசித்தார். "ஜன்னலுக்கு மேல கண்ணாடி இருக்குல்ல சார், அதைக் கழட்டிட்டு அதுல உக்கார வச்சிருவோம்" என்றார். வேலை சுலபம், நானும் சரி என்றேன். மாட்டியாயிற்று. ஒரு போட்டோ எடுத்தேன். கடமை முடிந்தது என்று டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன்.

வாசலிலேயே எண்ணெய் வாடை. உள்ளே அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறார். ஹால் முழுக்க மங்கலாகப் புகை. ஃபேன் ஓடவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "எதுக்கும்மா வாங்கி மாட்டிருக்கு?" என்று கத்தினேன்.

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுச் சொன்னார்.

"நீ வர்றப்ப போடுவேன்யா. அது போட்டா மில்லுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. குக்கர் விசில்கூடக் கேக்கல. ரெண்டு நாள் பருப்பு கரிஞ்சு போச்சு. அதுவும் போக, போட்டாலும் புகை அப்படியேதான்யா நிக்குது."

கடைசி வரியை நான் நம்பவில்லை. நானே ஃபேனைப் போட்டுவிட்டு அம்மா பக்கத்தில் நின்றேன்.

பத்து நிமிடம். கண் எரிந்தது. தொண்டை கரகரத்தது. ஃபேன் அத்தனை சத்தத்தோடு ஓடியது. அடுப்புக்கு மேலே புகை அப்படியேதான் நின்றது.

நான் பிறந்து வளர்ந்த வீடு அது. சமையல் நடக்கும்போது அந்த அடுப்படியில் பத்து நிமிடம் தொடர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அடுத்தவர்களின் அம்மாவிடம் ஆயிரம் கேள்வி கேட்பவன் நான்.

கோபம் போய் வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் என் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

கதையைக் கேட்டுவிட்டு சாமி ரூமில் இருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துப் பற்றவைத்தார். ஜன்னல் பக்கம் காட்டினார். புகை ஜன்னலில் இருந்து கிளம்பி நேராக மேலே இருந்த ஃபேனுக்குள் போனது. அடுப்புக்குப் பக்கத்தில் காட்டினார். புகை அசையாமல் மேலே போய்ச் சுற்றியது.

"மாப்ள, இது ஜன்னல் காத்தத்தான் இழுத்து ஜன்னலுக்கே விட்டுக்கிட்டு இருக்கு. அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

பிறகு கேட்டார். "எங்க மருந்து ரூமுக்கு எதுக்கு எதிரெதிரா வாசல் வைக்கிறோம் தெரியுமா?"

"ஏதாச்சும்னா தப்பிச்சு ஓட."

"ஆமா, ஆளு தப்பிக்க. காத்துக்கும் அதே கணக்குதான்டா. உள்ள வர ஒரு வழி, எதிர்ப்பக்கம் வெளிய போக ஒரு வழி. நடுவுல உங்கம்மாவும் அடுப்பும் இருக்கணும். அப்பத்தான் புகை போகும்."

மருத்துவக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் அது.

எங்கள் ஊர் ஆலைகளில் அறைக்கு எத்தனை வாசல், எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று சட்டம் பார்க்கிறது. அதே ஊரில் நாங்கள் கட்டிய அடுப்படிக்கு ஒரே ஒரு வாசல். ஒரு ஜன்னல். அதையும் பூனை வருமென்று சாத்தி வைத்திருந்தோம்.

இப்போது உங்களுக்கான பகுதி. தப்பு செய்து, மாற்றி, கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அளவு ஃபேன் வாங்குவது?

அடுப்படியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். எங்கள் அடுப்படி 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரம். பெருக்கினால் 800 கன அடி. 35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 23 கன மீட்டர்.

சமையலறைக் காற்று மணிக்கு 15 முதல் 20 முறை முழுதாக மாற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 23-ஐ 20-ஆல் பெருக்கினால் 460. அதாவது மணிக்கு 460 கன மீட்டர் காற்றைத் தள்ளும் ஃபேன் வேண்டும்.

ஃபேன் பெட்டியில் "ஏர் டெலிவரி" என்று இந்த எண் போட்டிருக்கும். சிலவற்றில் சி.எஃப்.எம். என்று இருக்கும். அதை 1.7-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். ஷட்டர், கம்பி வலை, பிசுக்கு எல்லாம் சேர்ந்து கொஞ்சம் குறைக்கும். அதனால் கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள்.

எங்கள் மாதிரி அடுப்படிக்கு 8 அல்லது 9 இன்ச் ஃபேன் போதும். 6 இன்ச் பாத்ரூமுக்கு. 12 இன்ச், என்னை மாதிரி அவசரக்காரர்களுக்கு.

அளவுக்கு அடுத்து பார்க்க வேண்டியது சத்தம். சுற்றும் வேகம் அதிகமானால் சத்தமும் அதிகம். கடையில் ஓட விட்டுக் கேட்டுப் பாருங்கள். முடிந்தால் சமைப்பவரையே கூட்டிப் போங்கள். சத்தத்துக்குப் பயந்து போடாமல் வைத்திருக்கும் ஃபேன் எவ்வளவு இழுத்தால் என்ன?

வெளிப்பக்கம் தானாகத் திறந்து மூடும் ஷட்டர் இருப்பதாக வாங்குங்கள். குருவி கூடு கட்டாது, மழைச் சாரல் வராது. பிளேடைக் கழற்றித் துடைக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

எங்கே மாட்டுவது?

அடுப்புக்குப் பக்கத்தில், வெளியே திறந்திருக்கும் சுவரில், உயரத்தில். சூடான புகை மேலேதான் போகும். கூரைக்கு ஓர் அடி கீழே என்றால் நல்லது. அடுப்புக்கு நேர் மேலே தாழ்வாக வைக்காதீர்கள். சூடும் எண்ணெயும் மோட்டாரைக் கெடுத்துவிடும்.

காற்று உள்ளே வரும் வாசலோ ஜன்னலோ ஃபேனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். அது சமைக்கும்போது திறந்திருக்கட்டும். ஃபேனுக்கு ஒட்டிய ஜன்னல் மூடியிருக்கட்டும். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

கதவைச் சாத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட விட்டால் வெளியே போக உள்ளே காற்று எங்கே இருக்கிறது? ஒரு பாட்டில் வாயை உதட்டால் மூடிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். கொஞ்சம் வரும், அப்புறம் நின்றுவிடும்.

ஃபேன் விடும் காற்று பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகக் கூடாது. நம் புகை நமக்கு ஆகாது என்றால் அவர்களுக்கும் ஆகாதுதானே. மேற்குச் சுவரில் வைத்தால் ஆனி, ஆடிக் காற்று எதிர்த்து அடிக்கும். வேறு சுவர் இருந்தால் அதில் வையுங்கள். இல்லை என்றால் வெளியே ஒரு மூடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டை போடும்போது தூண், பீம், லிண்டல் மேல் கை வைக்க வேண்டாம். கொத்தனாரிடம் கேட்டுவிட்டு கோர் கட்டிங் ஆளை வைத்துப் போட்டால் சுவர் உடையாமல் வட்டமாக வெட்டித் தருவார்கள். ஓட்டை வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வராது. எர்த் ஒயர் கட்டாயம்.

சுவிட்ச் எங்கே?

என் மாமா ஊதுபத்தியை அணைத்துவிட்டு அடுத்துக் கேட்ட கேள்வி இதுதான். "சுவிட்ச எங்கடா வச்சிருக்க?"

சிலிண்டருக்கு நேர் மேலே இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

மருந்து கலக்கும் அறைக்குள் அவர்கள் கரண்டையே விடுவதில்லை. உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம்கூட உள்ளே வரக் கூடாது என்று செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைவார்கள். ஒரு பொறி என்ன செய்யும் என்று எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனையோ வீட்டுச் சுவரில் மாலை போட்ட போட்டோ தொங்குகிறது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். சுவிட்சைப் போடும்போது உள்ளே வரும் சின்னப் பொறி அதற்குப் போதும்.

ஆகவே தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள்.

கேஸ் வாடை வந்தால், வாடையைப் போக்க எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாதீர்கள். ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தும்போதும் பொறி வரும். லைட் சுவிட்சையும் தொடாதீர்கள். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். எல்லோரும் வெளியே போங்கள். வெளியே நின்று 1906-க்கு போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் அது.

எங்கள் வீட்டில் சுவிட்சை அடுப்படிக்கு வெளியே, வாசல் பக்கம் மாற்றிவிட்டோம். கசிவு நேரத்தில் அதையும் தொடக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எப்படி ஓட்டுவது?

புகை வந்த பிறகு போடாதீர்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே போடுங்கள். சமையல் முடிந்து பத்து, பதினைந்து நிமிடம் கழித்து நிறுத்துங்கள்.

கரண்ட் பில் பயம் வேண்டாம். 40 வாட் ஃபேன் தினமும் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 7 யூனிட். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகவே கிடைக்கிறது.

மாதம் ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு, பிளேடையும் ஷட்டரையும் சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் துடையுங்கள். பிசுக்கு ஏறிய ஃபேன் பாதிதான் இழுக்கும். எண்ணெய்ப் பிசுக்கு தீப்பிடிக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

"சிம்னி நல்லதா டாக்டர்?" அடுப்புக்கு நேர் மேலே நின்று புகை பரவும் முன்பே பிடித்துவிடுவதால் நல்லதுதான். ஆனால் குழாய் வழியாக வெளியே விடும் சிம்னியாக இருக்க வேண்டும். குழாய் இல்லாமல் வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடும் வகை எண்ணெயைக் கொஞ்சம் பிடிக்கும். அடுப்பில் இருந்து வரும் வாயுக்கள் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கும்.

வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட முடியாது என்றால்? ஜன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்துவிட்டுச் சின்ன ஃபேன் வைக்கலாம், அந்த ஜன்னலின் மற்ற கதவுகளை மூடிவிட்டு. அதுவும் முடியாதென்றால் எதிரெதிராக இரண்டு வழியைத் திறந்து வையுங்கள். இன்னும் விறகில் வெந்நீர் போடுகிறீர்கள் என்றால் அந்த அடுப்பை வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

எங்கள் வீட்டில் அடுப்புப் பக்கச் சுவரில் புதிதாக ஓட்டை போட்டு 9 இன்ச் ஃபேன் மாட்டினோம். பழைய 12 இன்ச்சைக் கழற்றி, அந்த இடத்தைக் கண்ணாடி போட்டு மூடினோம். பூனைக்காக எதிர் ஜன்னலில் கம்பி வலை அடித்தோம். மாமா மறுபடியும் ஊதுபத்தி காட்டினார். புகை அடுப்பைத் தாண்டி நேராகப் போய் வெளியேறியது.

அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். "விசில் கேக்குமாய்யா?"

கேட்கிறது.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தாளிக்கும்போது இருமல் வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்ஹேலர் தொடர்கிறது. இந்த நோயில் போன நுரையீரல் போனதுதான், திரும்பி வராது. அதை உங்களிடம் மறைத்துப் பயன் இல்லை. சமீபத்தில் மறுபடி ஊதிப் பார்த்ததில் எண் முன்பு இருந்த அதே இடத்தில் இருக்கிறது. கூடவில்லை. குறையவும் இல்லை. எனக்கு அதுவே பெரிய சந்தோசம்.

இருபது வருடம் முன்பு அந்தச் சுவரில் ஓர் ஓட்டை இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது புறநோயாளிகள் பிரிவில் இருமலோடு வரும் பெண்களிடம் நான் பீடி, சிகரெட்டோடு நிறுத்துவதில்லை. "எந்த அடுப்பும்மா? எத்தன வருசம்? புகை போக வழி இருக்கா?" என்று கேட்கிறேன். சீட்டில் "அடுப்புப் புகை, 30 வருடம்" என்று எழுதுகிறேன்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்.

இன்று ராத்திரி உங்கள் வீட்டில் தாளிக்கும்போது போய் பத்து நிமிடம் அடுப்படியில் நில்லுங்கள். போனைப் பார்க்காமல் சும்மா நில்லுங்கள். கண் எரிகிறதா? மிளகாய் நெடி ஹால் வரை வருகிறதா? நெடி வந்தால் கண்ணுக்குத் தெரியாத மற்றதும் வருகிறது என்று பொருள்.

சமையல் முடிந்த பிறகு, கேஸ் வாடை இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஒரு ஊதுபத்தியைப் பற்றவைத்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

அம்மாவோ மனைவியோ அக்காவோ "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நெடிதான்" என்று சொல்வார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் இருமல் இருந்தால், படி ஏறும்போது மூச்சு வாங்கினால், நம்பாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சளியோடு இருமல் என்றால் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். காசநோய் இருக்கிறதா என்று அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்துவிடலாம்.



அரசு மருத்துவர்,
நாரணாபுரம், சிவகாசி.